எண்பது அண்ணனின் வலது கால்

அவரை எல்லோரும் எண்பது அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். யாரோ பல் போன பெரியவர் என்று நினைத்துவிடாதீர்கள். வயது ஐம்பத்தேழுதான். தலையில் முடி முழுசாக இருக்கிறது, அதில் பாதி இன்னும் கறுப்பு. உள்ளூர் ஆஸ்பத்திரி வேனை நெடுஞ்சாலையில் ஏற்றினால் முள் எண்பதில் போய் நிற்கும். எழுபத்தொன்பதுக்கு இறங்காது, எண்பத்தொன்றுக்கு ஏறாது. அதனால் வந்த பெயர் அது. புதிதாக வந்த நோயாளி ஒருவர், "எண்பது அண்ணன்தான் வண்டி ஓட்டுவாரு" என்று கேள்விப்பட்டு, "எண்பது வயசுலயா? ஆளை விடுங்க, நான் பஸ்லயே போயிக்கிறேன்" என்று திரும்பிப் போன கதையும் உண்டு. அப்புறம் அவரைச் சமாதானப்படுத்தி ஏற்றிவிட்டார்கள்.

செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள். காலையில் ஆறு பேரை வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆறு பேருக்கும் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் மெஷின்தான் அவர்கள் ரத்தத்தைச் சுத்தம் செய்து தருகிறது. போக ஒன்றே முக்கால் மணி நேரம், வர ஒன்றே முக்கால் மணி நேரம். திரும்பும்போது எல்லோரும் துவண்டு போயிருப்பார்கள். வண்டி லேசாகத் தூக்கிப் போட்டால்கூட அவர்களுக்குத் தாங்காது.

எண்பது அண்ணன் முப்பத்தொரு வருஷமாக ஸ்டீயரிங் பிடித்தவர். லாரி ஓட்டியிருக்கிறார், பஸ் ஓட்டியிருக்கிறார், பெரிய மனிதர் ஒருவருக்குக் காரும் ஓட்டியிருக்கிறார். எங்கேயும் "ஏன் லேட்டு?" என்று கேட்டார்களே தவிர, நன்றாக ஓட்டினாய் என்று ஒரு ஜீவன் சொன்னதில்லை. இந்த வேனுக்கு வந்த பிறகுதான் அதைக் கேட்டார். கடைசி சீட்டில் உட்காரும் கணக்கு வாத்தியார், ஒவ்வொரு தடவையும் வீட்டு வாசலில் இறங்கும்போது, "இன்னைக்கும் கொண்டுவந்து சேத்துட்டீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். அந்த ஒரு வார்த்தைக்காக எண்பது அண்ணன் சம்பளமே இல்லாமல் ஓட்டுவார் என்று நான் சொன்னால் அவர் மனைவி என்னை அடிக்க வருவாள். ஆனால் அதுதான் உண்மை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஏணியில் ஏறி, மூன்றாவது படியில் வழுக்கி விழுந்தார். வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. உள்ளே தகடும் திருகாணியும் வைத்துத் தைத்தார்கள். எலும்பு டாக்டர் சொன்னார், "வண்டி ஓட்டலாம். பிரேக்கும் மிதிக்கலாம். ஆனா ஆக்சிலரேட்டர்ல ஒரே அழுத்தமா ரெண்டு மணி நேரம் காலை வெச்சிட்டிருக்கக் கூடாது. வீங்கிடும்." அன்றைக்கே தன் பிழைப்பு முடிந்தது என்று நினைத்தவர் அவர். ஆனால் பாருங்கள், யாரோ ஒரு புண்ணியவான் தன் பழைய வெளிநாட்டு வேனை ஆஸ்பத்திரிக்குத் தானமாகக் கொடுத்தார். அதன் ஸ்டீயரிங்கில் யாருக்கும் புரியாத ஒரு பட்டன் இருந்தது. வாத்தியார்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வண்டியின் புத்தகத்தை எழுத்தெழுத்தாகப் படித்து, "அண்ணே, இது க்ரூஸ் கன்ட்ரோல். வேகத்தை செட் பண்ணிட்டு காலை எடுத்துடலாம். அதுவே ஓடும். பிரேக்கைத் தொட்டா விட்டுடும்" என்று கண்டுபிடித்துச் சொன்னார்.

ஊர் எல்லை தாண்டி நேர்ச் சாலை வந்ததும் அந்தப் பட்டனை அழுத்துவார். முள் எண்பதில் நிற்கும். வலது காலைப் பிரேக்குக்குப் பக்கத்தில், கூப்பிடு தூரத்தில் ஓய்வாக வைத்துக்கொள்வார். "ராசா, நீ நல்லா இருக்கணும்" என்று பட்டனைப் பார்த்து முணுமுணுப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் தங்களைத்தான் வாழ்த்துகிறார் என்று எண்ணிக்கொண்டு தலையாட்டுவார்கள்.

அந்த ராசாதான் ஒரு செவ்வாய்க்கிழமை திடீரென்று கையை விரித்துவிட்டான். மீட்டரில் க்ரூஸ் விளக்கு எப்போதும்போல எரிந்தது. ஆனால் எண்பதில் வைத்து செட் பட்டனை அழுத்தினால் பிடிக்கவில்லை. காலை எடுத்தால் எழுபத்தைந்து, எழுபது, அறுபத்தைந்து என்று முள் இறங்கிக்கொண்டே போனது. அன்றைக்குப் போக வர முழுத் தூரமும் காலாலேயே ஓட்டினார். வீடு வந்து சேர்ந்தபோது கால்சட்டையைக் கழற்ற முடியாத அளவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது.

மெக்கானிக் வேறு யாருமில்லை, அவர் மனைவியின் தம்பிதான். கைவேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். ஆஸ்பத்திரி வண்டிகளை அவன்தான் கவனித்துக்கொண்டிருந்தான்.

"ஸ்டீயரிங் பட்டன் தேஞ்சிருக்கும் மாமா. நீங்கதான் தெனமும் அதைத் தடவிக் கொடுக்கறீங்களே" என்றான். மாற்றினான். பிடிக்கவில்லை.

"அப்ப பிரேக் பெடல் ஸ்விட்ச். அது போச்சுன்னா க்ரூஸ் பிடிக்காது" என்றான். பழைய வண்டி உடைக்கும் இடத்திலிருந்து ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தான். வண்டியில் இருப்பது நாலு பின் சாக்கெட், இவன் கொண்டு வந்தது இரண்டு பின் ஸ்விட்ச். "போன்ல படத்தைப் பாத்தப்போ ஒரே மாதிரிதான் இருந்துச்சு" என்று தலையைச் சொறிந்தான். அடுத்த வாரம் சரியான நாலு பின் ஸ்விட்சே கிடைத்தது. மாட்டினான். பிடிக்கவில்லை.

"அப்ப மூளைதான் மாமா போச்சு" என்றான் கடைசியில். மூளை என்றால் வேகத்தைக் கணக்குப் பார்த்துப் பிடிக்கிற மின்சாரப் பெட்டி.

இதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது. திரும்பும் வழியில் காலை நீட்டிக்கொள்ள மூன்று இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. நோயாளிகள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஆனால் விஷயம் எப்படியோ ஆஸ்பத்திரி மேனேஜர் காதுக்கு எட்டிவிட்டது. மேனேஜர் கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். தங்கமான மனுஷன், அதுதான் சங்கடம். எண்பது அண்ணனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"வியாழக்கிழமை நானே உங்க பக்கத்துல உக்காந்து வர்றேன் அண்ணே. வண்டியும் உங்க காலும் ஒழுங்கா இருந்தா நீங்கதான் ஓட்டப் போறீங்க. இல்லேன்னா சனிக்கிழமையிலேர்ந்து வேற ஆளு. நீங்க கவலைப்படாதீங்க, ஆபீஸ்ல உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டுத் தர்றேன். போன் எடுத்துப் பேசுற வேலை. வேலை போகாது."

நாற்காலி! முப்பத்தொரு வருஷம் ரோட்டைப் பார்த்த மனுஷனுக்குச் சுவரைப் பார்த்து உட்காரும் வேலை. எண்பது அண்ணன் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தார். வழி முழுக்க வாத்தியார் சொல்லும் அந்த ஒரு வரிதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டில் அவர் மனைவி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அவள் தையலுக்கு அந்தப் பக்கத்தில் நல்ல பெயர். பள்ளிக்கூடச் சீருடை, ஜாக்கெட், திரைச்சீலை, எதுவானாலும் ஒரு நூல் விலகாது. மேனேஜர் சொன்னதை இவர் சொன்னதும், அவள் கால் மிதிப்பதை நிறுத்தாமல், "போதும் விடுங்களேன். எத்தனை வருஷம்தான் ஓட்டுவீங்க" என்றாள்.

அதை அவள் முதல் தடவை சொல்லவில்லை. கால் உடைந்த நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அன்றைக்கு அது இவருக்குச் சுருக்கென்று தைத்தது. போன வாரம்தான் ஒரு நாள் இவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, அக்காவும் தம்பியும் அடுப்படியில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் தலையைக் கண்டதும் இரண்டு பேரும் கப்சிப். அப்போதே மனசில் ஒரு முள் விழுந்திருந்தது. க்ரூஸைச் சரிசெய்ய முடியாமல் அவன் தவிக்கிறானா, இல்லை சரிசெய்ய வேண்டாம் என்று அக்கா சொல்லிவைத்திருக்கிறாளா?

"ஓஹோ! அக்காவும் தம்பியும் சேந்து என்னை மூலையில உக்கார வெக்கப் பாக்கறீங்க. அதானே?" என்று கத்திவிட்டார். கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அப்படிக் கத்தியது கிடையாது. அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அப்புறம் மூடிக்கொண்டு துணியைத் திருப்பிப் போட்டுத் தைக்கத் தொடங்கினாள்.

மறுநாள் புதன்கிழமை. காலையிலேயே மைத்துனனை ஏற்றிக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனார். "மூளை" வாங்கி மாட்டிவிட வேண்டும், இன்றைக்கு விட்டால் நாளை இல்லை.

அந்தக் கடையை நடத்துகிறவர் பார்ட்ஸ் அக்கா. எண்பது அண்ணனைவிட வயதில் சின்னவர்தான், ஆனாலும் அக்கா என்பது அவருடைய பட்டம் மாதிரி ஆகிவிட்டதால் இவரும் அப்படியே கூப்பிடுவார். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, கையில் ஒரு இரும்பு ஸ்கேல். சுவரில் பெரிய எழுத்தில் "மின்சாரப் பொருள் திரும்ப எடுக்கப்படாது" என்று எழுதி ஒட்டியிருந்தது. அந்த ஒரு வரிக்கு மரியாதை கொடுத்து அக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தார். மின்சாரப் பொருள் எது கேட்டாலும், விற்பதற்கு முன்னால் வண்டியைச் சுற்றி ஒரு தடவை தானே நடந்து வருவார். நடக்காமல் விற்க மாட்டார். அவசரக்காரர்கள் திட்டிவிட்டு வேறு கடைக்குப் போவார்கள். போகட்டும் என்று விட்டுவிடுவார்.

மைத்துனன் நம்பர் எழுதிய சீட்டை நீட்டினான். "க்ரூஸ் பெட்டி வேணும் அக்கா. பொறுமையா எல்லாம் பாத்தாச்சு. இதுதான் பாக்கி."

"வண்டி எங்க?"

"வெளியில நிக்குது. ஆனா அதெல்லாம் பாத்தாச்சு அக்கா."

"நீ பாத்தாச்சு. நான் பாக்கலையே" என்று சொல்லிக்கொண்டே அக்கா வெளியே வந்துவிட்டார். எண்பது அண்ணனை ஓட்டுநர் இருக்கையில் ஏறச் சொன்னார். "சாவியைப் போடுங்கண்ணே. க்ரூஸ் விளக்கு எரியுதா?"

"எரியுது. ஆனா செட் பண்ணாப் பிடிக்கல."

"விளக்கு எரியுதுன்னா பெட்டிக்கு உயிர் இருக்கு. உயிர் இருந்தும் வேலை செய்யலேன்னா ஏதோ அதைத் தடுக்குது." அக்கா முன்பக்கம் நடந்தார், பக்கவாட்டில் நடந்தார், டயரை ஒரு பார்வை பார்த்தார். பின்னால் போய் நின்று, பின் விளக்கின் மேல் கண்ணாடியை விரலால் துடைத்து, "சிவப்பே இல்லாம வெளிறிப் போயிருக்கு" என்று முணுமுணுத்தார். அப்புறம் குரல் கொடுத்தார். "பிரேக்கை மிதிங்கண்ணே."

மிதித்தார்.

"விடுங்க. மறுபடி மிதிங்க."

மிதித்தார். என்ன ஆயிற்று என்று எண்பது அண்ணன் கண்ணாடியில் எட்டிப் பார்த்தார். அக்கா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"இந்த எல்.இ.டி. பல்பு யாரு மாட்டினது?"

"எந்தப் பல்பு? நான் ஒண்ணும் மாட்டலையே" என்றார் இவர்.

மைத்துனன் முகத்தில் ஈயாடவில்லை. சீட்டை நாலாக மடித்தான், எட்டாக மடித்தான்.

"பழைய பல்புன்னா அழுத்தினதும் லேசா மலர்ந்து எரியும். இது பட்டுன்னு வெட்டுது" என்றார் அக்கா. "இந்த ரக வண்டியில, பிரேக்ல கால் இருக்கா இல்லையான்னு க்ரூஸ் பெட்டி எப்படித் தெரிஞ்சுக்குது தெரியுமா? பிரேக் பல்புக்குள்ள ஒரு சின்ன இழை இருக்கும். அது வழியா ஒரு தொடர்பு. காலை எடுத்திருந்தா அந்த இழை வழியா சரி, யாரும் மிதிக்கலன்னு அதுக்குப் புரியும். எல்.இ.டி.ல அந்த இழையே கிடையாது. அதனால எப்பவும் யாரோ பிரேக் மேல காலை வெச்சிட்டே இருக்காங்கன்னு பெட்டி நெனச்சிக்கும். பயந்துபோய் வேகத்தைப் பிடிக்காது."

"ஆனா பிரேக் லைட் பளிச்சுன்னு எரிஞ்சுதே அக்கா!" என்றான் மைத்துனன் பரிதாபமாக. "பளிச்சுன்னு எரியுதேன்னுதான் அந்தப் பக்கமே நான் பாக்கல."

"அப்ப மாட்டினது நீதான்."

அவன் சீட்டை இன்னொரு மடிப்பு மடித்தான். எண்பது அண்ணன் வண்டியிலிருந்து இறங்கி வந்து அவன் எதிரே நின்றார். போன வாரத்திலிருந்து மனசில் வளர்த்த கோபமெல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தது. "யாரு சொல்லி மாட்டின?"

"எங்கக்காதான் மாமா." அவன் தலை நிமிரவே இல்லை. "அன்னைக்கு மழையில லாரிக்காரன் ஒருத்தன் உங்க வண்டிக்குப் பின்னால சாண் தூரத்துல வந்து நின்னான்ல? உங்க பிரேக் லைட்டே தெரியலன்னு எறங்கி வந்து சொன்னான்ல? நீங்க வீட்டுல வந்து சிரிச்சிட்டே சொன்னீங்களாம். அக்காவுக்குச் சோறு எறங்கல. இருக்கிறதுலயே பளிச்சுன்னு எரியற பல்பா வாங்கி மாட்டுன்னு உயிரை எடுத்துட்டா. அந்த ஞாயித்துக்கிழமை நீங்க சாப்பிட்டுத் தூங்கினீங்க, நான் மாட்டிட்டேன்."

"அதை ஏன்டா எங்கிட்ட சொல்லக் கூடாது?"

"நானும் கேட்டேன். பயந்துட்டேன்னு தெரிஞ்சா, இனிமே ரோட்டுல நடக்கிறது எதையும் அவரு எங்கிட்ட சொல்ல மாட்டாரு, அவரு சொல்லாம போனா நான் என்ன செய்வேன்னு சொன்னா. போன வாரம்கூடக் கூப்பிட்டு, பல்பு நல்லா எரியுதா எரியுதான்னு அதையேதான் கேட்டுட்டிருந்தா. நீங்க வந்ததும் வாயை மூடிக்கிட்டோம். சத்தியம் பண்ணச் சொல்லிட்டா மாமா."

எண்பது அண்ணன் வேனின் பின் விளக்கைத் திரும்பிப் பார்த்தார். தன்னை மூலையில் உட்காரவைக்கப் பார்க்கிறாள் என்று எவளைப் பார்த்துக் கத்தினாரோ, அவள் அவர் பத்திரமாக ஓட்ட வேண்டும் என்று பின்னால் விளக்குப் போட்டிருக்கிறாள். "போதும் விடுங்க" என்று வாயால் சொல்லிக்கொண்டே கையால் அதைச் செய்திருக்கிறாள். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. அதே சமயம் நெஞ்சுக்குள் ஏதோ இளகிக் கண்ணில் தண்ணீர் கட்டியது. கடை வாசல் என்றும் பார்க்காமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பார்ட்ஸ் அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "சும்மா நிக்காம அதைக் கழட்டுப்பா" என்று மைத்துனனை விரட்டினார். பல்பின் அடியில் பொறித்திருந்த நம்பரைக் கண்ணாடி போட்டுப் படித்து, அதே நம்பரில் இழை பல்பு இரண்டு எடுத்து வந்தார். "பெட்டி உங்களுக்கு வேண்டாம். நான் தரவும் மாட்டேன்."

பல்பை மாற்றிக்கொண்டு நேராக நெடுஞ்சாலைக்குப் போனார்கள். எண்பது வந்தது. பட்டனை அழுத்தினார். மெல்லக் காலை எடுத்தார். மைத்துனன் மூச்சுவிடாமல் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். முள் அசையவில்லை. ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர். ஒரு ஏற்றம் வந்தது, இன்ஜின் தானாக மூச்சுப் பிடித்து ஏறியது, முள் எண்பதிலேயே நின்றது.

"பிடிச்சிருச்சு மாமா!" என்று அவன் கத்தினான்.

"எப்பவும் யாரோ பிரேக்ல காலை வெச்சிட்டிருக்காங்கன்னு நெனச்சுதாமே" என்று எண்பது அண்ணன் சிரித்தார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "உங்கக்கா கால்தான்டா அது."

வீட்டுத் தெருமுனை வந்ததும் மைத்துனன் வண்டியை நிறுத்தச் சொன்னான். "நான் எறங்கிக்கிறேன். சத்தியத்தை மீறினவன், அக்கா என்னைத் தோலை உரிச்சிடுவா. நீங்களே சொல்லிக்கோங்க." அவர் பதில் சொல்வதற்குள் ஆளைக் காணவில்லை.

சட்டைப் பையில் அந்த இரண்டு எல்.இ.டி. பல்புகள். மிஷினுக்குப் பக்கத்தில், ஊசியும் நூற்கண்டும் கிடக்கும் பலகையில் அவற்றை வைத்தார். அவள் பல்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மிஷின் நின்றது.

சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னார். கேட்கக் கேட்க அவள் முகம் சுருங்கிப் போனது.

"அப்ப என்னாலதான் வண்டி கெட்டுச்சா?" என்றாள். "ரெண்டு வாரமா உங்க கால் வீங்கினது என்னாலயா? நாற்காலியில போய் உக்காருங்கன்னு அவரு சொன்னது என்னாலயா?" குரல் உடைந்தது. "நான் நல்லதுக்குன்னுதானே..."

"ஐயோ, அழாதே. இந்தா, என்னைப் பாரு." அவர் கஷ்டப்பட்டு, வீங்கின காலை நீட்டியபடியே அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "கெட்டது பல்பு இல்ல. என் புத்தி. நேத்து என்ன வார்த்தை சொல்லிட்டேன் உன்னை! வாயில அடிச்சுக்கணும் போல இருக்கு. ரோட்டுல போற ஆறு உசிருக்கு நான் பொறுப்புன்னு மார் தட்டிட்டிருந்தேன். எனக்குப் பின்னால நீ பொறுப்பா நிக்கிறது எனக்குத் தெரியவே இல்லையே. மன்னிச்சுக்கோ."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அதெல்லாம் சரி. பழைய பல்பையே போட்டாச்சுன்னா, பின்னால வர்றவனுக்கு மறுபடி தெரியாதே?"

எண்பது அண்ணன் திருதிருவென்று விழித்தார். பார்ட்ஸ் அக்கா விளக்கைத் துடைத்துவிட்டு முணுமுணுத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "மேல் கண்ணாடி வெளிறிப் போயிருக்குன்னு என்னமோ சொன்னாங்க..."

"சொன்னாங்களா? சொன்னதைக் காதுல வாங்காம வந்து நிக்கறீங்களா? எழுந்திருங்க." கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள், செருப்பை மாட்டினாள். மத்தியான வெயிலில் இரண்டு பேரும் மறுபடி கடைக்குக் கிளம்பினார்கள்.

பார்ட்ஸ் அக்கா இவளைப் பார்த்ததும், "நீங்கதான் அந்தப் பல்பு அக்காவா?" என்று சிரித்தார். பின் விளக்குக் கண்ணாடியில் இரண்டு ரகம் எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று பளபளப்பான பெட்டியில், பார்க்கவே ஜம்மென்று இருந்தது. இன்னொன்று சாதாரண பழுப்பு அட்டையில். எண்பது அண்ணன் கை பளபளப்பை நோக்கிப் போனது. அவர் மனைவி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"டியூப் லைட்டுக்குக் கீழ நிறம் பாத்தா ஏமாந்துருவோம்" என்று சொல்லி இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வெயிலில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தாள். உள்ளே ஒரே மாதிரி இருந்த சிவப்பின் குட்டு, வெளியே வந்ததும் வெளிப்பட்டது. பளபளப்புப் பெட்டிக்காரன் வெயிலில் ரோஸ் நிறமாகிப் போனான். பழுப்பு அட்டைக்காரன் கெட்டிச் சிவப்பு. "இது ரெண்டே வெயில்ல வெளுத்துரும். சாயம் நிக்காது" என்று முதலாவதைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இருபது வருஷமா இந்தக் கடையில இருக்கேன்" என்றார் பார்ட்ஸ் அக்கா. "எல்லாரும் பெட்டியைப் பாத்துதான் வாங்குவாங்க. வாசல்ல கொண்டுபோய்ப் பாத்த முதல் ஆளு நீங்கதான்." சொல்லிவிட்டு இரும்பு ஸ்கேலை எடுத்துத் திருகாணித் துளைகளின் தூரத்தை அளந்தார், பின்புறம் பொறித்த நம்பரை வண்டியில் இருந்ததோடு ஒத்துப் பார்த்தார். இரண்டு பெண்களும் குனிந்து ஒரே நம்பரை ஆளுக்கொரு தடவை படித்தார்கள். எண்பது அண்ணன் அவர்களுக்குப் பின்னால், வேலையில்லாத ஆளாக நின்றுகொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவர் எங்கேயும் சும்மா நின்றதில்லை.

வியாழக்கிழமை காலை வேனைக் கிளப்பும் முன்னால் அவள் புதுக் கண்ணாடி மாட்டிய பின்பக்கம் போய் நின்றாள். "மிதிங்க" என்றாள். மிதித்தார். "விடுங்க. மிதிங்க." அப்புறம் வண்டியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள், போகலாம் என்று.

மேனேஜர் ஒரு நோட்டும் பேனாவுமாக முன் சீட்டில் ஏறிக்கொண்டார். ஆறு பேரும் ஏறினார்கள். என்றைக்கும் சளசளவென்று பேசுகிறவர்கள் அன்று பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளாட்டம் வாய் மூடி வந்தார்கள். விஷயம் எல்லோருக்கும் தெரியும். எண்பது அண்ணன் பட்டனை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். நேற்றுப் பிடித்தது இன்றைக்கு ஆறு பேர் கனத்தோடு பிடிக்குமா?

நேர்ச் சாலை வந்தது. எண்பது. பட்டனை அழுத்தினார். காலை எடுத்தார்.

பிடித்தது.

மேனேஜர் முள்ளைப் பார்த்தார், எண்பது அண்ணனின் காலைப் பார்த்தார், நோட்டில் ஏதோ எழுதினார். பத்து கிலோமீட்டர் போனதும் மறுபடி பார்த்தார். இருபதாவது கிலோமீட்டரில் பேனா அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. எண்பது அண்ணன் ஓரக்கண்ணால் பார்த்தால், மனுஷன் வாயைத் திறந்துகொண்டு நல்ல தூக்கம்! பின்னாலிருந்து முதலில் வாத்தியார் கிளுக்கென்று சிரித்தார். அப்புறம் ஆறு பேரும் அவரை எழுப்பாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோதுதான் மேனேஜர் திடுக்கிட்டு விழித்தார். "வந்துட்டோமா? நீங்க எப்ப க்ரூஸை நிறுத்தினீங்க? நான் கவனிக்கவே இல்லையே!" என்றார். அப்புறம் அவரே சிரித்துவிட்டார். கீழே விழுந்த பேனாவைத் தேடி எடுத்து, அடுத்த மாத டியூட்டித் தாளைப் பையிலிருந்து உருவி, செவ்வாய், வியாழன், சனி எல்லாக் கட்டத்திலும் எண்பது அண்ணன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மாலையில் வீட்டு வாசலில் இறங்கும்போது வாத்தியார் வழக்கமான வார்த்தையைச் சொன்னார். "இன்னைக்கும் கொண்டுவந்து சேத்துட்டீங்க."

எண்பது அண்ணன் என்றைக்கும் அதற்குத் தலையை மட்டும் ஆட்டுவார். அன்றைக்குப் பதில் சொன்னார். "நான் மட்டும் இல்ல சார். வீட்டுல இன்னொரு ஆளும் சேந்துதான் கொண்டு வர்றோம்."

வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, மிஷினுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். முழங்கால் வீங்கவில்லை. அவள் தைத்துக்கொண்டே, "ம், சொல்லுங்க" என்றாள். மேனேஜர் தூங்கின கதையைச் சொன்னார், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், இன்னொன்றையும் சொல்வதா வேண்டாமா என்று ஒரு நொடி யோசித்தார். சொன்னார்.

"வர்ற வழியில டோல்கேட் கிட்ட திடீர்னு பிரேக் போட வேண்டியதாச்சு. எனக்குப் பின்னால ஒரு லாரி, நல்ல வேகத்துல வந்துட்டிருந்தான்."

மிஷின் நின்றது. "அப்புறம்?"

"ரொம்ப தூரத்துலயே பிரேக் போட்டு நிறுத்திட்டான்."

"சிவப்பு தெரிஞ்சிருக்கு" என்றாள் அவள். அப்புறம் துணியை நேராக வைத்து மறுபடி மிதிக்கத் தொடங்கினாள்.